மௌனம் சம்மதம் ஆகுமா?

திருமணத்திற்கு நாள் குறித்த பின்னரே பலர் பங்கு அலுவலகத்தை நாடி வருகின்றனர். திருமுழுக்குச் சான்றிதழ், வயதுச் சான்று, ஓலை வாசித்தல், இரு சாட்சிகள் என நாம் அடுக்கும்போது, "மனம் ஒத்துப்போன பின் இத்தனை தாள்கள் எதற்குச் சாமி?" என வினவுவோரும் உளர்.

வரலாறு இதற்கு விடை தருகிறது. மணமக்கள் மறைவில் தந்த வாக்கையும் முன்னாளில் திருச்சபை திருமணமாக ஏற்றது. பின்னர் ஒருவர் அதை மறுத்தாலோ, கைவிடப்பட்டவருக்காகச் சான்று கூற எவருமில்லை. ஆகவேதான் 1563-ஆம் ஆண்டு திரெந்து பொதுச்சங்கம், பங்குத்தந்தையும் சாட்சிகளும் இன்றி நிகழும் மணம் செல்லாது என விதித்தது. நாட்டின் சட்டம் மணமகனுக்கு 21, மணமகளுக்கு 18 வயது நிறைய வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டம் திருமணப் பதிவையும் கட்டாயமாக்கியது. இவையெல்லாம் எளியவரைக் காக்கும் வேலிகளே.

ஆயினும் வேலி பயிராகாது. மணமக்களின் இசைவே திருமணத்தை உருவாக்குகிறது; அதை வேறெந்த மனித அதிகாரமும் ஈடுசெய்ய இயலாது என 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு கூறுகிறது. பேச இயன்றவர் அவ்விசைவைச் சொல்லால் வெளியிட வேண்டும் என்பதும் அதன் விதியே.

பல ஆண்டுகளுக்கு முன், மணமுன் விசாரணையில் ஒரு பெண்ணைத் தனியே அழைத்து, "மகளே, முழு மனத்தோடு இசைகின்றாயா?" என வினவினோம். அவள் தலை கவிழ்ந்தாள். வெளியே தந்தை காத்திருந்தார், அழைப்பிதழும் அச்சாகியிருந்தது. மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி என்னும் வழக்கை நம்பி, படிவத்தில் 'ஆம்' என நாமே எழுதினோம். ஓராண்டு கழித்துத் தாய்வீடு திரும்பிய அவள், "அன்று இன்னொரு முறை கேட்டிருக்கலாமே, சாமி" என்றாள். நம் ஏடுகளில் குறையேதும் இல்லை. குறை நம்மிடம் இருந்தது.

பெற்றோரே, உங்கள் மகள் நாணத்தால் மௌனமாயிருக்கலாம், அச்சத்தாலும் இருக்கலாம். அவளிடம் கேட்டறியாமல் நாள் குறிக்காதீர்கள். "வேண்டாம்" எனச் சொல்ல உரிமை இல்லாதவள் சொல்லும் "ஆம்" இசைவாகுமோ? மீட்பின் திட்டத்திற்கும் நாசரேத்து மரியாவின் மறுமொழிக்காக இறைவன் காத்திருந்தார். அவரே காத்திருக்க, நாம் அவசரப்படலாமா?