தேவகானமும் கேட்கும் செவியும்

சோழ மன்னன் ஒருவனது அவையில் ஆடல் பாடல் வல்ல மங்கையர் இருவர் பாடினர். ஒருத்தி பாடியது தேவகானம். மற்றவள் பாடியது மனுஷ்ய கானம். மன்னன் செவிக்கு உவப்பாயிருந்தது பின்னதே, பரிசும் அதற்கே. மனம் நொந்த முதலாமவள் வீரநாராயணபுரத்து எம்பெருமான் திருமுன்பு சென்று பாடினாள். அங்கே ஸ்ரீமந் நாதமுனிகள் அதனைச் செவிமடுத்து உவந்தருளினார். வியந்து வந்து வினவிய மன்னனுக்கு, ஒருங்கே ஒலித்த பல தாளங்களின் எடையை ஓசை கொண்டே தனித்தனியே எடுத்துரைத்துத் தம் இசைநுட்பத்தைப் புலப்படுத்தினார் என்பது குருபரம்பரை கூறும் வரலாறு.

பாடியவளும் மாறவில்லை; பாட்டும் மாறவில்லை. மாறியது கேட்ட செவியே.

அந்நாதமுனிகளே நாலாயிரத்தையும் தொகுத்து, இசையும் தாளமும் அமைத்து, தம் மருமகன்மாரான கீழையகத்தாழ்வானுக்கும் மேலையகத்தாழ்வானுக்கும் கற்பித்தருளினார். அவ்வழி வந்ததே அரையர் ஸேவை. திருவரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி ஆகிய திவ்யதேசங்களில் அது இன்றும் நிகழ்கின்றது. அத்யயன உத்ஸவத்தில், கூம்பிய குல்லாய் அணிந்து கையில் தாளம் ஏந்திய அரையர், பாசுரத்தை இசைப்பார். தேர்ந்த பாசுரங்களின் பொருளை அபிநயிப்பார். தம்பிரான்படி வியாக்கியானமும் ஸாதிப்பார். மிருதங்கம் இல்லை, வயலின் இல்லை, தாளத்தின் ஒலி ஒன்றே துணை.

இதனால் புதுமை பழிக்கத்தக்கது என்பதன்று. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் திருப்பாவை 30 பாசுரங்களுக்கும் கச்சேரி ராகங்களில் இசையமைத்தமையால், அவை ஸபா மேடைகளிலும் ஒலித்தன. 1936-இல் ருக்மிணிதேவி நிறுவிய கலாக்ஷேத்திரத்தால் பரதக்கலை பலருக்கும் கற்கக் கிடைத்தது. மேடையும் பகவத் கைங்கர்யத்திற்கு உரியதே. ஆயினும் மேடைக்கலை அவையோரின் முகம் நோக்கி வளர்வது. அரையர் நோக்குவதோ எம்பெருமானின் திருமுகமண்டலத்தையே. கரவொலியை வேண்டாத கலை அது. அதுவே அதன் பெருமை. அதன் இடரும் அதுவே. ஒரு சில குடும்பங்களில் தந்தை வாய்மொழியாக மைந்தன் கற்று வருவது ஒரு தலைமுறையில் அறுபடுமாயின், ஏட்டில் பாசுரம் நிற்கும். இசையும் அபிநயமும் மீளா.

ஆதலின், எம்பெருமானை ஸேவித்தவுடன் இல்லம் திரும்ப விரையும் அன்பர்கள், உத்ஸவத்தில் ஒரு நாளேனும் நாலாயிரப் புத்தகத்தைக் கையில் ஏந்தி, இளஞ்சிறார்களையும் உடன் அமர்த்தி, அரையர் ஸேவை நிறைவுறும் அளவும் கேட்பார்களாக. கற்பவன் கற்பது கேட்பவர் உளர் என்னும் துணிவினால் அன்றோ! மன்னன் செவி எளிதில் வாய்க்கும். நாதமுனிகளின் செவியில் ஒரு சிறு கூறேனும் அனைவர்க்கும் வாய்க்க எம்பெருமான் திருவுள்ளம் பற்றுவானாக.