குழந்தைகளின் நடைக்கேற்ப

சில ஆண்டுகளுக்கு முன், செப்டம்பர்த் திங்களின் தொடக்கத்தில் ஒரு மாலைப்பொழுது. எங்கள் ஆலய வளாகத்து வேப்பமரத்தடியில் வேன் ஒன்று வந்து நின்றது. வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் புறப்பட்ட குடும்பம். வண்டியை மந்திரித்துத் தரும்படி கேட்டார்கள். உள்ளே எட்டிப் பார்த்தேன். பின்னிருக்கைகளை எடுத்துவிட்டுப் பாய் விரித்திருந்தார்கள். ஒரு மூலையில் அடுப்பும் பாத்திரங்களும் தண்ணீர்க் குடமும். கூரைக் கம்பியில் பழைய சேலையால் ஒரு தூளி. மேலைநாட்டார் சக்கரத்தின்மேல் வீடு கட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிறார்கள் என்றும், கேரள அரசும் 2021-ஆம் ஆண்டில் அத்தகைய வண்டிச் சுற்றுலாவைத் தொடங்கியது என்றும் படிக்கிறோம். காஞ்சிபுரத்து நெசவாளிக் குடும்பத்தின் நடமாடும் வீடு இதுவே.

அதில் செல்லவிருந்தோர் தாய், தந்தை, பாட்டி, மூன்று வயதுப் பெண் குழந்தை, ஆறு மாதக் கைக்குழந்தை. தறியைவிட்டு எழுந்தால் அன்றைய கூலி இல்லை என்ற நிலையில் உள்ளவர் அந்தத் தந்தை. எனினும், பிரசவம் சிக்கலானபோது, பிள்ளை பிழைத்தால் அன்னையின் பிறப்புவிழாவாகிய செப்டம்பர் 8 அன்று அவர் பாதத்தில் கிடத்துவதாகத் தாய் நேர்ந்துகொண்டிருந்தார். பாட்டிக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. "நீங்களே சொல்லுங்க சாமி. பச்சைப் பிள்ளையத் தூக்கிக்கிட்டு அவ்வளவு தூரம் போகணுமா? அதுக்கு என்ன தெரியப்போகுது?" என்று கேட்டார்.

நான் புன்னகைத்து, தீர்த்தம் தெளித்து, வண்டி ஓடும்போது குழந்தையைத் தூளியில் விடாதீர்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு தங்கிவிட்டது. அதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நினைவில் நில்லாத பயணத்தால் குழந்தைக்கு என்ன பயன் என்பது ஒன்று. நம் விருப்பத்திற்காகவோ நம் நேர்ச்சைக்காகவோ, மறுத்துப் பேச இயலாத ஓர் உயிரை வருத்த நமக்கு உரிமை உண்டா என்பது மற்றொன்று.

முதற்கேள்வியை எடுத்துக்கொள்வோம். புனித அகுஸ்தீனார் தம் வாழ்வை இறைவன்முன் அறிக்கையிட்டு எழுதிய நூலின் தொடக்கத்தில், தமது குழந்தைப் பருவத்தைத் தேடுகிறார், கிடைக்கவில்லை. பிறர் சொல்லக் கேட்டும், பிற குழந்தைகளைப் பார்த்துமே அதை அறிகிறார். நினைவில் இல்லாத அந்தக் காலத்தைத் தம் வாழ்வின் பகுதியாகக் கொள்ளவே தயங்குகிறார். எனினும், தாய்ப்பாலின் வழியாகத் தம்மை ஊட்டியவர் இறைவனே என்பதில் அவருக்கு ஐயமில்லை. நினைவில் இல்லை என்பதால் பெற்றது பெறாததாகிவிடவில்லை.

நம் ஊரிலேயே ஒரு சான்று உண்டு. 2019-ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரை வரதராசப் பெருமாள் கோயிலில் அத்திவரதர் எழுந்தருளிய 48 நாள்களும் காஞ்சித் தெருக்கள் மக்களால் நிறைந்திருந்தன. நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழ்வது அது. முந்தியது 1979-இல், அடுத்தது 2059-இல். அந்த நெரிசலிலும் வெயிலிலும் கைக்குழந்தைகளோடு நின்ற பெற்றோரைப் பார்த்து நானும் முதலில் முகம் சுளித்தேன். பிறகே எனக்கு உறைத்தது. அடுத்த முறை தாங்கள் இருப்போமா என்பது அந்தப் பெற்றோருக்குத் தெரியாது. அந்தக் குழந்தை நாற்பது வயதில் வந்து நிற்கும்போது, "என் அம்மா இடுப்பில் நான் முன்பே வந்திருக்கிறேன்" என்று சொல்லும். அதன் நினைவைப் பெற்றோர் அதற்காகக் காத்துவைக்கிறார்கள். சமயம் வேறாயினும் பெற்ற மனம் ஒன்றுதான். நாமும் திருமுழுக்கை அவ்வாறுதானே பெற்றோம்? தலையில் ஊற்றிய தண்ணீரை நம்மில் பெரும்பாலோர் அறியோம். பெற்றோரும் ஞானப் பெற்றோரும் நமக்காகச் சொன்ன சொல்லின்மேல் நம் வாழ்வு நிற்கிறது.

இனி இரண்டாம் கேள்வி. குழந்தைகளை வீட்டில் விட்டுச் செல்வதே முறை எனலாமா? விடுதலைப் பயண நூலில் இதே யோசனையைச் சொன்னவன் பார்வோன். யார் யார் போகிறீர்கள் என்று அவன் கேட்டபோது, இளையோரோடும் முதியோரோடும் புதல்வர் புதல்வியரோடும் போவோம் என்றார் மோசே. ஆண்கள் மட்டும் போங்கள் என்றான் பார்வோன். மோசே இணங்கவில்லை. பின்னர்ப் பாலைநிலத்தில், எங்கள் குழந்தைகள் பகைவருக்கு இரையாவார்கள் என்று அஞ்சிப் பெரியவர்கள் முறையிட்டார்கள். முடிவில் முறையிட்ட தலைமுறை வழியிலேயே மடிந்தது. இரையாகிவிடுமென்று எண்ணிய குழந்தைகளே வாக்களிக்கப்பட்ட நாட்டுக்குள் நுழைந்தார்கள். ஆகவே குழந்தைகளுக்கும் பயணத்தில் இடமுண்டு.

ஆனால் அந்த இடம் எத்தகையது? இங்கே என் குறை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் இளங்குருவாயிருந்தபோது திருப்பயணிகளைப் பேருந்தில் அழைத்துச் சென்றேன். பத்து மணித் திருப்பலிக்குத் திருத்தலம் போய்ச்சேர வேண்டும். வழியில் ஒரு கைக்குழந்தை வெப்பம் தாளாமல் ஓயாது அழுதது. சற்று நிறுத்தச் சொல்லுங்கள் என்று தாய் கெஞ்சினார். "இன்னும் ஒரு மணி நேரந்தான் அம்மா" என்றேன். ஒரு கட்டத்தில் அழுகை நின்றது. தூங்கிவிட்டது என்று நினைத்தேன். இறங்கும்போது குழந்தை துவண்டு கிடந்தது. மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றிக் காப்பாற்றினார்கள். திருப்பலி குறித்த நேரத்தில் தொடங்கியது. அன்று நான் ஆற்றிய மறையுரை எனக்கு நினைவில்லை. அந்தத் தாய் என்னைப் பார்த்த பார்வை நினைவிலிருக்கிறது.

தொடக்க நூலில் யாக்கோபு ஏசாவைச் சந்திக்கும் இடத்தைப் பிற்காலத்தில்தான் கவனித்துப் படித்தேன். இருபது ஆண்டு அஞ்சியிருந்த அண்ணன், பகை மறந்து, வா, சேர்ந்தே போகலாம் என்கிறான். மறுத்தால் மீண்டும் பகை மூளலாம். ஆயினும் யாக்கோபு, பிள்ளைகள் இளையவர்கள், ஆடுமாடுகள் பால் கொடுப்பவை, ஒரே நாள் விரட்டி ஓட்டினாலும் மந்தை மாண்டுபோகும் என்று சொல்லி, அண்ணனை முன்னே போகச் சொல்கிறார். மந்தையின் நடைக்கும் பிள்ளைகளின் நடைக்கும் ஏற்ப மெல்ல வருவதாகக் கூறுகிறார். அந்தச் சொல்லில் யாக்கோபின் தந்திரமும் கலந்திருக்கலாம். ஆனால் உண்மை அதில் இருக்கிறது. நம் நாட்டுச் சட்டமும் இன்று அதையே சொல்கிறது. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை இருசக்கர வண்டியில் ஏற்றினால் மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டலாகாது என 2022-இல் விதி வகுத்தார்கள்.

குழந்தையோடு பயணம் செய்வதும், பயணத்தில் குழந்தையைச் சுமையாக ஏற்றிச் செல்வதும் வேறு வேறு. பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும். குழந்தைக்காக நிற்க வேண்டி வரும்போதுதான் வேறுபாடு வெளிப்படும். நடமாடும் வீட்டின் சிறப்பு அதிலுள்ள மெத்தையில் இல்லை. எவ்விடத்திலும் அதை நிறுத்தலாம் என்பதே அதன் சிறப்பு. நிறுத்த மனமில்லாதவனுக்கு எத்துணை வசதியான வண்டியும் வெறும் வண்டியே.

நிற்க முடியாத பயணங்களும் உண்டு. ஏரோதின் வாளுக்குத் தப்பி, இரவோடு இரவாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்கு ஓடிய சூசையப்பருக்கு வேறு வழியில்லை. 2020-இல் ஊரடங்கின்போது, இடுப்பில் குழந்தையோடு நெடுஞ்சாலைகளில் நடந்த புலம்பெயர் தொழிலாளருக்கும் வேறு வழியில்லை. ஏன் குழந்தையை வருத்தினாய் என்று அவர்களைக் கேட்கக் கூடாது. அவர்களை நடக்கவிட்ட நம்மைக் கேட்க வேண்டும். தாமே விரும்பிப் புறப்படுகிறவர்களின் பொறுப்போ பெரிது. குழந்தையின் சம்மதம் இல்லாத பயணத்தில், அதன் அழுகையே அது பேசும் மொழி. அதைக் கேட்கக் கடமைப்பட்டவர்கள் நாம்.

அந்தக் குடும்பத்துக்கு வருவோம். சிதம்பரத்தை அடைந்தபோது கைக்குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. மருத்துவரிடம் காட்டி, அங்கேயே ஒரு சத்திரத்தில் தங்கிவிட்டார்கள். தேர்பவனி முடிந்தது, திருவிழா முடிந்தது, கொடியும் இறங்கிவிட்டது. 10-ஆம் தேதிதான் வேளாங்கண்ணி போய்ச் சேர்ந்தார்கள். வேன் வாடகை ஏறியது. தறி கூடுதல் நாள்கள் சும்மா கிடந்தது. திரும்பி வந்ததும் அந்தத் தாய் என்னிடம் வந்து, "நேர்ச்சை தவறிப்போச்சே சாமி, பிள்ளைக்கு ஏதும் ஆகிடுமா?" என்று அழுதார்.

1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு நேர்ச்சையை, இயலக்கூடிய, மேலான ஒரு நன்மையை இறைவனுக்கு வாக்களிப்பது என்று வரையறுக்கிறது. தனிநேர்ச்சையிலிருந்து விலக்களிக்கப் பங்குத்தந்தைக்கு அதிகாரமும் தருகிறது. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையை 8-ஆம் தேதிக்குக் கொண்டு சேர்ப்பது மேலான நன்மையாக இருக்க முடியாது. விலக்களிப்பதாகச் சொல்லி அவரைத் தேற்றியிருக்கலாம். ஆனால் விலக்குக் கேட்க அவர் எந்தக் குற்றமும் செய்யவில்லை என்றே எனக்குப் பட்டது. "பிள்ளை பிழைக்க வேண்டுமென்றுதானே அம்மா நேர்ந்துகொண்டீர்கள்? சிதம்பரத்தில் வண்டியை நிறுத்தினீர்களே, அப்போதே அதை நிறைவேற்றிவிட்டீர்கள்" என்றேன்.

அருகிலிருந்த பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. குழந்தையை என் கையில் கொடுத்தார். அது என் கண்ணாடியைப் பற்றி இழுத்தது.