பக்கத்துக் கட்டில்

விடுதி மாணவி ஒருத்தி என்னிடம் இதை ஒரு புகாராகச் சொல்லவில்லை. பேச்சோடு பேச்சாக வந்தது. இரவு பதினோரு மணி வாக்கில் இன்ஸ்டாகிராம் ஸ்டோரியில் நாலு வரி எழுதிப் போட்டிருக்கிறாள்: இந்த விடுதியில் மனசுவிட்டுப் பேச ஒருத்தரும் இல்லை என்று. முதல் ஹார்ட் போட்டது அறைத்தோழி, பக்கத்துக் கட்டிலில் படுத்தபடியே. பாளையங்கோட்டையின் பழைய விடுதி அறை அது. இரண்டு கட்டிலுக்கும் நடுவில் ஒரு வாளி வைக்கத்தான் இடம் இருக்கும்.

"அப்புறம் என்ன பேசிக்கிட்டீங்க?"

"ஒண்ணும் பேசல மேம். காலைல ஒண்ணாத்தான் மெஸ்ஸுக்குப் போனோம்."

"அவ அப்பவே 'ஏட்டி, என்னாச்சு'ன்னு கேட்டிருந்தா?"

"ஒண்ணுமில்லன்னுதான் சொல்லியிருப்பேன்."

அந்த 'ஒண்ணுமில்ல'தான் என்னை விடமாட்டேன் என்கிறது. தன்னைப் பின்தொடரும் 300 பேரிடம் உண்மை சொல்லியிருக்கிறாள். கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவளிடம் பொய் சொல்லத் தயாராக இருக்கிறாள். அதுவும் 24 மணி நேரத்தில் தானாக மறைந்துவிடுகிற உண்மை. 'ஒருத்தரும் இல்லை' என்றால் அந்த ஒருத்தரில் தானும் அடக்கம் என்பது தோழிக்குப் புரியாமலா இருக்கும்? புரிந்தும் ஹார்ட் போட்டாள் என்றால் அது ஆறுதலா, ரோஷமா?

போன்தான் இந்தக் காலத்துப் பிள்ளைகளைக் கெடுத்துவிட்டது என்று ஆசிரியர் ஓய்வறையில் தினமும் பேசுகிறோம். ஆனால் எங்கள் தெரு ஆச்சி ஒருத்தியை நினைத்தால் அப்படி அடித்துச் சொல்ல வரவில்லை. ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பம்பாயில் இருந்த மகனுக்கு அவள் சொல்லச் சொல்ல இன்லண்ட் லெட்டரில் எழுதுவது பள்ளிக்கூடப் பிள்ளையான என் வேலை. "உன்னய ரொம்பத் தேடுதுய்யா, ராத்திரி உறக்கம் பிடிக்கல" என்பாள். மூன்றாவது மடிப்பு வரைக்கும் அழுகையாகவே போகும். பசை தடவி ஒட்டும்போது என் விரலிலும் அது பிசுபிசுக்கும். தீபாவளிக்கு அந்த மகன் நேரில் வந்து நின்றால் ஆச்சி கேட்பது ஒன்றுதான்: "சாப்பிட்டியாய்யா?" தேடியதைப் பற்றி ஒரு வார்த்தை வராது.

ஆக, எழுத்தில் கொட்டுவதும் முகத்துக்கு நேரே முழுங்குவதும் நமக்குப் பழகியதுதான். ஆனால் ஆச்சியின் கடிதம் ஒருவனுக்குப் போனது. பதில் எழுதவேண்டிய பொறுப்பு அவன் தலையில் இருந்தது. 300 பேருக்குப் போவதில் யாருக்கு அந்தப் பொறுப்பு? ஹார்ட்டோடு கணக்குத் தீர்ந்துவிடுகிறது.

ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளரின் 1986ஆம் ஆண்டு ஆய்வைப் பற்றி எங்கோ படித்தது அரைகுறையாக நினைவிருக்கிறது. மனத்தை உலுக்கிய அனுபவங்களைத் தினம் 15 நிமிடம், தொடர்ந்து 4 நாள் எழுதும்படி கல்லூரி மாணவர்களிடம் சொன்னார். எழுதி முடித்த கையோடு அவர்கள் மனம் கனத்துத்தான் போனது. ஆனால் நடந்ததோடு அப்போது பட்ட பாட்டையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்த சில மாதங்களில் மருத்துவரைத் தேடிப் போனது குறைவு. அவர்கள் யாருக்கும் ஹார்ட் வரவில்லை. நண்பர்கள் அதைப் படிக்கக்கூட இல்லை. அப்படியென்றால் இவள் ஒரு நோட்டில் எழுதி மூடி வைத்திருந்தாலே போதுமா? அவள் வேண்டியது மனம் லேசாவது மட்டும்தானா? எனக்கென்னவோ, 300 பேருக்கு என்று போட்டது அந்த ஒருத்தி கண்ணில் படட்டும் என்றுதானோ என்று தோன்றுகிறது. நேரில் சொன்னால் எதிரே இருக்கிற முகம் எப்படி மாறுமோ என்ற பயம். ஸ்டோரியில் அந்த முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. இதைக் கோழைத்தனம் என்று தள்ளிவிட மனம் வரவில்லை. நேர்மை என்று மெச்சவும் வரவில்லை.

இதற்கிடையில், பத்து மணிக்கு மேல் பிள்ளைகளின் போனை வாங்கி வைத்துவிடலாமா என்று வார்டன் என் அபிப்பிராயம் கேட்டிருக்கிறார். வாங்கி வைத்தால் இருவரும் பேசிக்கொள்வார்கள் என்று ஒரு நாள் தோன்றுகிறது. மறுநாளே, இருக்கிற ஒரு வழியையும் அடைப்பதாகிவிடுமே என்று தோன்றுகிறது. வார்டன் வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்கிறார். என்னிடம் பதில் இல்லை.