ஈயக் குண்டும் கொலையறமும்

1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் ஆட்சியர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் கையில் இருந்தது பிரௌனிங் கைத்துப்பாக்கி. ஒரு தோட்டா வெடித்ததும் அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும் இவ்வகைக்கு வார்ப்பு ஈயம் மிக மென்மையானது என்பதால், ஆன்டிமனி கலந்து அதைக் கடினமாக்குவர், அல்லது செம்புக் கலவையால் உறையிடுவர். உடலுக்குள் விரியும் குண்டுகளைப் போரில் விலக்கிய 1899ஆம் ஆண்டு ஹேக் பிரகடனமும், முள்ளும் நஞ்சும் கொண்ட படைக்கலங்களை மறுத்த மனுஸ்மிருதியும், கொலையை அன்று, கருவியின் கொடுமையையே அளந்தன. வள்ளுவரிடம் சிக்கல் வேறு: கொல்லாமைக்குத் தனி அதிகாரம் வகுத்தவரே, கொடியவரைக் கொலையால் ஒறுக்கும் உரிமையை வேந்தனுக்கு அளிக்கிறார். வாஞ்சிநாதன் வேந்தர் அல்லர். தம் செயலை அறமென்றே நம்பி, அத்துப்பாக்கியாலேயே தம்மையும் மாய்த்துக்கொண்டவர். அரசே கொடியதாகும்போது அவ்வுரிமை குடிமகனுக்குக் கைமாறும் என்று கொள்ளக் குறளில் இடம் காண்பது கடினம்.