குடை பிடித்த கை

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

அமலனாதிபிரான் பத்துப் பாசுரங்களில் திருப்பாணாழ்வார் பெரிய பெருமாளைத் திருவடி தொடங்கி அநுபவிக்கிறார். எட்டாம் பாசுரம் திருக்கண்களுக்கானது. அக்கண்கள் தம்மைப் பேதைமைப்படுத்தியதாக ஆழ்வார் தாமே அருளிச்செய்கிறார். பத்தாம் பாசுரத்தில், அவனைக் கண்ட கண்கள் வேறொன்றைக் காணமாட்டா என்று தலைக்கட்டுகிறார். இவ்விரண்டு பாசுரங்களையும் சேவிக்கும்போது அண்மையில் நிகழ்ந்த ஒன்று நம் நெஞ்சில் நிற்கிறது.

நம்மோடு வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்ற அன்பர் ஒருவர் தம் மகனைக் குறித்து வருந்தினார். கல்லூரி நாளில் ஒரு பெண்ணிடம் வைத்த காதல். அவள் மணமாகிப் போய் ஏழு ஆண்டுகள் ஆகியும் அவனை விடவில்லை. கைப்பேசியில் அவள் படத்தைப் பாராமல் அவனுக்குப் பொழுது விடிவதில்லை. "குடிப்பழக்கம் போலாகிவிட்டது ஸ்வாமி. மறந்துவிடு என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்தோம்" என்றார். நாமும் அதையே சொல்ல வாயெடுத்தோம். அப்போது பிள்ளை உறங்காவில்லி தாஸர் நினைவுக்கு வந்தார்.

திருப்பாணாழ்வார் திருவவதரித்த உறையூரே அவருக்கும் ஊர். மல்லர், வீரர். ஆயினும் மனைவி பொன்னாச்சியாரின் கண்களுக்கு முற்றும் அடிமைப்பட்டிருந்தார். வெயிலில் அக்கண்கள் வாடலாகாதென்று, ஊரார் நகைக்க, அம்மைக்குக் குடை பிடித்து நடந்தார். எம்பெருமானார் அதைக் கண்டு அவரை அழைத்து, "நாணமின்றி இப்படிச் செய்வது ஏன்?" என்று வினவினார். "இக்கண்களினும் அழகியதை அடியேன் கண்டதில்லை" என்றார் அவர். "இவற்றினும் அழகிய கண்களைக் காட்டினால்?" என்றார் உடையவர். காட்டினால் அவற்றுக்கே அடிமையாவதாக அவர் இசைந்தார். அன்றே பெரிய பெருமாள் திருக்கண்களைச் சேவித்தார். பின்னர் தம்பதிகள் இருவரும் எம்பெருமானார் திருவடிகளில் ஆச்ரயித்தனர்.

இங்கே நாம் ஊன்றிக் காணவேண்டியது ஒன்று உண்டு. உடையவர் "விடு" என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை, கேட்டார். ஊரார் எல்லாரும் குடையைக் கண்டு நகைத்தார்கள். அந்தக் கை எதற்காகக் குடை பிடிக்கிறது என்று கேட்டவர் அவர் ஒருவரே. நாணத்தை விட்டு ஒன்றைப் பற்றும் நெஞ்சு குற்றமன்று. அது பற்றிய இடம் சிறிது, அவ்வளவே. பகவத் விஷயத்துக்கு வேண்டுவதும் அதே நெஞ்சுதான். பொன்னாச்சியாரையும் அவர் தள்ளவில்லை; அவ்வம்மையும் உடன் உய்ந்தார்.

வராக்கடனை ஏட்டிலிருந்து தள்ளுபடி செய்வதைப் பணிக்காலத்தில் நாம் பலமுறை கண்டதுண்டு. ஏட்டில் கணக்கு தீரும். கடனாளியின் வறுமை தீராது. பிழைக்க வழி காட்டினால்தான் அவன் எழுந்து நிற்பான். "மற" என்பதும் அத்தகைய தள்ளுபடியே. அதைவிட உயர்ந்ததைக் காணாதவன் எதைக்கொண்டு மறப்பான்?

இதை அன்பரிடம் விண்ணப்பித்தோம். அப்பெண் இன்று பிறர் இல்லத்தவள். அவளை நிம்மதியாக இருக்க விடுவதே அவள்மேல் வைத்த அன்புக்கு அழகு என்பதையும் மகனுக்கு உணர்த்தச் சொன்னோம். ஆனால் அதற்கு முன் கேளுங்கள் என்றோம்.

பத்து நாள் கழித்து அவர் பேசினார். "அவளிடம் என்னப்பா கண்டாய்?" என்று முதன்முறையாகக் கேட்டாராம். மகன் விடியும்வரை பேசினானாம், இடையில் அழுதானாம். வரும் ஏகாதசிக்கு இருவரும் திருவரங்கம் புறப்படுகிறார்கள்.

இனிப் பெரிய பெருமாள் திருக்கண்கள் பார்த்துக்கொள்ளும்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.