பந்தில் பொறித்த பெயர்

மார்ஜுக்கு 34-வது பிறந்தநாள். கணவன் ஹோமர் ஒரு பௌலிங் பந்தைப் பரிசாக நீட்டுகிறான். அதன் துளைகள் அவனுடைய விரல்களுக்குப் பொருந்தும்படி போடப்பட்டிருக்கின்றன. பந்தின் மேல் பொறித்திருப்பதும் அவன் பெயர்தான். மார்ஜுக்கு அந்த விளையாட்டே தெரியாது.

‘தி சிம்ப்சன்ஸ்’ அனிமேஷன் தொடரில் 1990 மார்ச் 18 அன்று அமெரிக்காவில் ஒளிபரப்பான கதை இது. இப்படிப்பட்டவனோடு அவள் ஏன் குடும்பம் நடத்துகிறாள் என்று பார்வையாளர்களில் ஒரு சாரார் இன்றும் கொதிக்கிறார்கள். அவனுக்கு அவளை விட்டால் யாருமில்லை, அதைவிட என்ன வேண்டும் என்கிறார்கள் மறுசாரார்.

கோடுகளால் வரைந்த ஒரு தம்பதிக்காக இத்தனை மனத்தாங்கலா? நாவல் நாயகி அன்னா கரேனினாவின் முடிவுக்காக நாம் எப்படி வருந்த முடிகிறது என்று 1975-இல் காலின் ராட்ஃபர்ட் என்ற தத்துவ ஆசிரியர் கேட்டார். அந்த வருத்தத்தில் முரண்பாடு இருக்கிறது என்பது அவர் முடிவு. ஆனால் 2015 ஜூனில் நடந்ததைப் பாருங்கள். வரப்போகும் பருவத்தில் ஹோமரும் மார்ஜும் பிரிகிறார்கள் என்று தயாரிப்பாளர் அல் ஜீன் சொன்னதும் ரசிகர்கள் பதறிப்போனார்கள். ஹோமரும் மார்ஜுமே தோன்றி மறுக்கும் ஒரு சிறு காணொளியை வெளியிட்டுத்தான் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது. அந்தப் பதற்றத்தில் முரண்பாடு எதுவும் இல்லை. தங்கள் வீட்டைப் பற்றி வாய்விட்டுப் பேச முடியாதவர்கள் மார்ஜின் வீட்டைப் பற்றிப் பேசலாம்.

பிறந்தநாள் கதைக்குத் திரும்புவோம். கோபத்தில் மார்ஜ் அந்தப் பந்தைத் தூக்கிக்கொண்டு தானே பௌலிங் அரங்குக்குப் போகிறாள். ஜாக் என்ற பயிற்சியாளன் அவளுக்கு ஆட்டத்தைச் சொல்லித் தருகிறான். ஒரு கையுறையும் பரிசளிக்கிறான். அதில் இருப்பது மார்ஜின் பெயர். அந்தக் கையுறை ஒருநாள் ஹோமரின் கண்ணில் படுகிறது. அவன் கத்தவில்லை, குடைந்து கேட்கவில்லை. அவள் கட்டித் தரும் சாண்ட்விச்சில் ஜெல்லி வழியாமல் இருப்பதைத் தான் கவனித்திருப்பதாகத் தட்டுத்தடுமாறிச் சொல்கிறான், அவ்வளவுதான். ஜாக்கின் வீட்டுக்குப் புறப்பட்ட மார்ஜ், சாலை பிரியும் இடத்தில் காரைத் திருப்பி, ஹோமர் வேலை செய்யும் அணுமின் நிலையத்துக்குப் போகிறாள்.

பந்தில் துரோகம் எதுவும் இல்லை. ஹோமர் வேறொரு பெண்ணை நாடுகிறவன் அல்ல. 1992-இல் வந்த கதையில் லர்லீன் என்ற பாடகி தானாக நெருங்கி வந்தபோதும் விலகி வந்தவன். அவனிடம் குறைந்தது மதிப்பு. மனைவிக்கென்று தனி விருப்பம் இருக்கும், தனி விரல் அளவு இருக்கும் என்பதே அவன் நினைவில் இல்லை. சாண்ட்விச்சைப் பற்றிய அந்தத் தடுமாற்றப் பேச்சு, அவளுக்குத் தர வேண்டிய அந்த மதிப்பின் முதல் தவணை. அவள் தினமும் செய்யும் வேலையை அவன் பார்த்திருக்கிறான்.

ஒருவரைச் சார்ந்திருப்பது வேறு, நம்புவது வேறு என்று நியூசிலாந்தில் பிறந்த தத்துவவாதி அனெட் பேயர் 1986-இல் எழுதினார். அவர் காட்டிய உதாரணங்களில் ஒன்று அழகானது. தத்துவமேதை காண்ட் நேரம் தவறாமல் நடந்துபோவதைக் கடிகாரம்போல் எண்ணிக்கொண்ட அண்டைவீட்டார், அவர் ஒருநாள் தூங்கிவிட்டால் ஏமாற்றம் அடையலாம். வஞ்சிக்கப்பட்டோம் என்று சொல்ல முடியாது. மற்றவரின் நல்லெண்ணத்தின் மேல் நம் பாரத்தை வைக்கும்போதுதான் அது நம்பிக்கை ஆகிறது, துரோகத்துக்கும் அப்போதுதான் இடம் வருகிறது.

இதை வைத்து 1994 மே 19 அன்று வந்த கதையைப் பார்க்கலாம். முதியோர் கல்வி வகுப்பொன்றில் ஹோமர் இல்லற வாழ்க்கை பற்றிப் பாடம் நடத்துகிறான். மாணவர்கள் கொட்டாவி விடுகிறார்கள். மார்ஜ் தலைக்குச் சாயம் பூசுகிறாள் என்பதில் தொடங்கிப் படுக்கையறை ரகசியம் வரை அவன் அவிழ்த்துவிட, வகுப்பு களைகட்டுகிறது. வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்ட பிறகும் நிறுத்தவில்லை. அவள் அவனை வீட்டை விட்டு வெளியேற்ற, தோட்டத்து மரவீட்டில் கிடந்து அழுக்கேறிப்போய்த் திரும்பி வருகிறான். தன்னைப்போல் அவளை முழுக்கச் சார்ந்திருக்க வேறு எவராலும் முடியாது என்கிறான். அவள் ஏற்றுக்கொள்கிறாள். பார்ப்பவர்களுக்குள் சண்டை மூளும் இடம் இது. காண்டை வைத்து நேரம் பார்த்த அண்டைவீட்டாரைப்போலத்தான் ஹோமர் பேசுகிறான். நாளை அவள் ரகசியத்தைக் காப்பானா என்பதற்கு அவன் சொன்னதில் பதில் இல்லை.

அமெரிக்கக் குடும்பங்கள் சிம்ப்சன்களைப்போல் குறைவாகவும், இன்னொரு தொலைக்காட்சித் தொடரின் குடும்பமான வால்டன்களைப்போல் அதிகமாகவும் இருக்க வேண்டும் என்று 1992 ஜனவரியில், மத ஒலிபரப்பாளர்களின் கூட்டத்தில், அப்போதைய அமெரிக்க அதிபர் புஷ் பேசினார். சிம்ப்சன்களோ தேவாலயத்துக்குப் போகிற குடும்பம். 1991 மே 2 அன்று வந்த கதையில் போதகர் லவ்ஜாய் நடத்தும் தம்பதியர் முகாமுக்கும் போகிறார்கள். மார்ஜின் மனக்குறைகளைக் கேட்ட போதகர், தவறு முழுவதும் ஹோமருடையதே, சான்றிதழாகவே எழுதித் தருகிறேன் என்கிறார். அதே முகாமில் தூண்டிலோடு நழுவப் பார்த்து அகப்படுகிற ஹோமர், கடைசியில் ஊரே பேசும் பெரிய மீனைப் பிடித்தும் அவளுக்காக ஏரியிலேயே விட்டுவிடுகிறான்.

ஏழு முறை மன்னித்தால் போதுமா என்று கேட்ட பேதுருவுக்கு ஏசு சொன்ன கணக்கு, யாரும் எண்ணி முடிக்காத கணக்கு. மார்ஜ் அந்த வழியில் நடப்பவள். அதில் குறை காண ஒன்றுமில்லை. மன்னிப்பை ஒருவர் தனியாகவே கொடுத்துவிடலாம். நம்பிக்கைக்கு இரண்டு பேர் வேண்டும். அவள் மன்னித்தாள், ஆகவே அவன் நம்பத்தக்கவன் என்று வாதிடுகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். ஒவ்வொரு வாரமும் கதை முதலிலிருந்து தொடங்கும் தொடரில், ஹோமர் மாறினானா என்று பார்க்கும் வாய்ப்பும் அவர்களுக்குக் கிடைப்பதில்லை.

மன்னித்தது மார்ஜின் குணம். நம்பத்தக்கவன் ஆவது ஹோமரின் வேலை. கையுறையைப் பார்த்த பிறகு சாண்ட்விச்சைப் பற்றிப் பேசியபோது அவன் அந்த வேலையைச் செய்தான். மரவீட்டிலிருந்து இறங்கி வந்தபோது செய்யவில்லை.