முன்னோர் மொழியும் நம் கடனும்

மனிதன் வெறுங்கையோடு உலகிற்கு வருகிறான் என்பர். அது முழு உண்மையன்று. அவன் செவியில் விழும் தாலாட்டும், அவனுக்கு இடப்படும் பெயரும், அவன் முதன்முதலாக அழைக்கும் ‘அம்மா’ என்னும் சொல்லும் அவன் உண்டாக்கியவை அல்ல. தான் அறியாத முன்னோர் பலர் காத்து வைத்தவற்றைப் பெற்றுக்கொண்டே அவன் வாழத் தொடங்குகிறான். பெற்றவன் கடன்பட்டவன் ஆகிறான். அக்கடனை எவ்வாறு செலுத்துவது? முன்னோர் பேசிய மொழியை ஒருவன் கைவிட்டால் அவன் அவர்களுக்குத் தவறு இழைத்தவன் ஆவானா? மலாக்கா மாநிலத்தில் தமிழாசிரியராகப் பணியாற்றிய எனக்கு இவ்வினாவை நூல்கள் எழுப்பவில்லை. என் மாணவி ஒருத்தி எழுப்பினாள்.

மலாக்கா நகரின் பொற்கொல்லர் தெருவில், கம்போங் கிளிங் பள்ளிவாசலுக்கும் சீனர்களின் செங் ஹூன் தெங் கோயிலுக்கும் அண்மையில், ஸ்ரீ பொய்யாத விநாயகர் ஆலயம் இருக்கிறது. டச்சுக்காரர் ஆட்சியில் வழங்கப்பட்ட நிலத்தில் 1781ஆம் ஆண்டில் எழுந்த ஆலயம் அது. அதனை எழுப்பியோர் மலாக்காச் செட்டிகள் என்று அழைக்கப்படும் சமூகத்தார். 1511ஆம் ஆண்டில் போர்த்துகீசியர் இந்நகரைக் கைப்பற்றுவதற்கு முன்பே, பருவக்காற்றை நம்பிப் பாய்க்கப்பலேறிச் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் வணிகர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். வந்த வணிகர் பெண்டிரை உடன் அழைத்து வரவில்லை. மலாய், ஜாவா முதலிய இனங்களைச் சேர்ந்த பெண்களை இங்கேயே மணந்து இல்லறம் நடத்தினர். பிள்ளைகள் தாயின் மொழியைப் பேசினர். தலைமுறைகள் பல கடந்தன. வணிகச் செல்வாக்கும் குன்றியது. இன்று காஜா பெராங் சாலையை ஒட்டிய கம்போங் செட்டி என்னும் சிற்றூரே அவர்களுடைய அடையாளமாக நிற்கிறது.

அச்சிற்றூரில் வழங்கும் மொழி மலாய். மூத்த பெண்கள் சாரோங்கும் கெபாயாவும் அணிவர். விழாக்களில் பந்துன் பாடுவர். ஆயினும் அவர்கள் சைவ நெறியினர். பிள்ளை, நாயக்கர், செட்டி என்னும் பெயர்கள் அவர்களிடையே வழங்குகின்றன. 1822ஆம் ஆண்டில் எழுந்த முத்து மாரியம்மன் ஆலயத்தில் ஆண்டுதோறும் விழா எடுக்கின்றனர். அவ்விழாவை அவர்கள் அழைக்கும் பெயர் மட்டும் மலாய்ப் பெயர்: ‘டத்தோ சாச்சார்’. சாச்சார் என்பது அம்மை நோய். அம்மை தணிக்கும் நம் மாரியே அங்கு மலாய்ச் சொல்லால் வணங்கப்படுகிறாள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஆறாம் ஆண்டு மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றிருந்தேன். முதிய அம்மையார் ஒருவர் திண்ணையில் அமர்த்தி எங்களை உபசரித்தார். பொங்கலுக்கு முந்திய நாளில் தாம் செய்யும் ‘பார்ச்சு’ என்னும் வழிபாட்டைப் பற்றி மலாய்மொழியில் விளக்கினார். வாழையிலை விரித்து, இறந்துபோனவர்கள் உயிரோடிருந்தபோது விரும்பி உண்டவற்றைச் சமைத்துப் படைத்து, விளக்கேற்றிச் சாம்பிராணி இட்டு அவர்களை அழைக்கும் சடங்கு அது. கனிகள் பழுக்கும் ஆண்டின் நடுப்பகுதியிலும் மற்றொரு பார்ச்சு உண்டு. அம்மையார் பேசி முடித்ததும் மாணவி ஒருத்தி என் பக்கம் சாய்ந்து தாழ்ந்த குரலில் கேட்டாள்:

“ஐயா, இவர்களுக்குத் தமிழ் தெரியவில்லையே, இவர்கள் தமிழர்களா?”

நான் விடை தேடிக்கொண்டிருந்தேன். தமிழ் அறியாத அம்மையாரோ வினாவின் பொருளை எங்கள் முகத்திலிருந்தே உணர்ந்துகொண்டவர்போல் புன்னகை செய்தார். பிறகு பிள்ளைகளைப் பார்த்து மலாயில் ஒரு கேள்வி கேட்டார்: “உங்கள் பாட்டனாரின் தந்தையார் பெயர் என்ன? அவருக்குப் பிடித்த உணவு எது? அதை எந்த நாளில் படைக்கிறீர்கள்?”

ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. என் பாட்டனாரின் தந்தையார் எந்த ஊரிலிருந்து கப்பலேறினார் என்பதுகூட எனக்குத் தெரியாது.

‘மொழி அழிந்தால் இனம் அழியும்’ என்று நாம் மேடைதோறும் முழங்குகிறோம். அம்முழக்கம் கம்போங் செட்டியின் வாயிலில் சற்றே தயங்கி நிற்கிறது. அங்கு மொழி மறைந்தது, முன்னோர் மறையவில்லை. நாங்கள் மொழியைக் காத்தோம்; முன்னோரின் பெயரை மறந்தோம். இருவரில் கடனை நன்கு செலுத்தியவர் யார்?

இதனால் மொழி வேண்டாதது என்று முடிவு கட்டிவிடலாகாது. அன்று விடைபெறும்பொழுது அந்த அம்மையாரே கூறினார்: “கோயிலில் தேவாரம் பாடுவார்கள். நான் கைகூப்பிக் கேட்பேன். என்ன சொல்கிறார்கள் என்று தெரியாது.” அவர் குரலில் வருத்தம் இருந்தது. இழப்பு உண்மையான இழப்பே. ஆனால் அவ்விழப்பிற்காக யாரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது? அயல்நாட்டில் மணந்த தந்தையையா? தன் தாய்மொழியில் பிள்ளைக்குத் தாலாட்டுப் பாடிய தாயையா? தாய் தன் மொழியைப் பேசியது குற்றமாகுமா? தேடிப் பார்த்தால் அன்பையன்றி வேறு குற்றவாளி கிடைப்பதில்லை.

அன்பினாலேயே ஒரு மொழி மறையக்கூடும் என்பதற்கு உலகின் மறுகோடியில் உள்ள ஒரு நிலம் மேலும் சான்று தருகிறது. அயர்லாந்தின் தென்மேற்கில், கெர்ரி மாவட்டத்திலிருந்து அட்லாண்டிக் பெருங்கடலுக்குள் நீண்டு கிடப்பது டிங்கிள் தீபகற்பம். கரடுமுரடான மலைகளும் செங்குத்தான கடற்பாறைகளும் நிறைந்த நிலம். பிராண்டன் மலை 952 மீட்டர் உயரம் உடையது. மண் மெலிந்தது, காற்று ஓயாதது. அங்குச் சாந்து இன்றிக் கல்லின்மேல் கல் அடுக்கிக் கட்டிய கல்லரஸ் என்னும் சிறு வழிபாட்டு இல்லம் இன்றும் மழைநீர் புகாமல் நிற்கிறது. ஓகம் என்னும் கோட்டெழுத்துப் பொறித்த பழைய நடுகற்கள் பல அந்நிலத்தில் உள்ளன. அவற்றில் பெரிதும் காணப்படுவன ‘இன்னாருடைய மகன் இன்னார்’ என்னும் பெயர்களே. நம் மாணவர்களால் கூற இயலாமற் போனதை அந்தக் கற்கள் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளாகக் கூறிக்கொண்டிருக்கின்றன.

அத்தீபகற்பத்தின் மேற்குக் கோடியில் ஐரிஷ் மொழி இன்றும் பேச்சுமொழியாக வாழ்கிறது. அயர்லாந்தின் பிற பகுதிகளிலோ அது பெரும்பாலும் வீட்டை விட்டு வெளியேறி, பள்ளிப் பாடமாகச் சுருங்கிவிட்டது. அந்நிய ஆட்சி அதற்கு ஒரு காரணம். ஆயினும் முழுக் காரணம் அதுவன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்குப் பள்ளிப் பிள்ளைகளின் கழுத்தில் ஒரு கோலைக் கட்டித் தொங்கவிடும் வழக்கம் பல இடங்களில் இருந்தது. பிள்ளை ஐரிஷ் பேசும்போதெல்லாம் அக்கோலில் ஒரு வெட்டு விழும். மாலையில் வெட்டுகளை எண்ணித் தண்டனை தரப்படும். கோலில் வெட்டியவர் ஆசிரியர் மட்டும் அல்லர். வீட்டில் பெற்றோரும் வெட்டினர்!

அப்பெற்றோரைக் கொடியவர் என்று கூற முடியுமா? 1845ஆம் ஆண்டில் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். மேலும் பத்து இலட்சம் பேர் கப்பலேறினர். அமெரிக்காவில் பிழைக்க ஆங்கிலம் வேண்டும். தாம் பேசிய மொழி பிள்ளைக்குச் சோறு தராது என்று கண்ட தந்தை கண்ணீரோடு அந்தக் கோலில் வெட்டியிருப்பான். மொழியின் வீழ்ச்சி பகைவரின் ஆணையால் தொடங்கலாம். தாய்தந்தையரின் பரிவினாலேயே அது நிறைவுறுகிறது.

1937ஆம் ஆண்டின் அரசியலமைப்பு ஐரிஷ் மொழியை நாட்டின் முதல் ஆட்சிமொழி என்று அறிவித்தது. சட்டம் அரியணை தந்தது. அடுப்பங்கரையைத் திரும்பத் தர அதனால் இயலவில்லை. ஆனால் டிங்கிளின் முனைக்கு அப்பால் உள்ள பிளாஸ்கட் தீவின் கதை வேறு. இருநூறு பேர்கூட இல்லாத அத்தீவில் மீன்பிடித்தும் கிழங்கு பயிரிட்டும் வாழ்ந்த எளிய மக்கள், இரவில் அடுப்பருகே அமர்ந்து கதை கூறினர். அவர்களுள் ஒருவரான தோமாஸ் ஓ கிரிகன் தம் வாழ்க்கையை எழுதி 1929இல் நூலாக்கினார். பெய்க் சேயர்ஸ் என்னும் மூதாட்டியார் வாய்மொழியாகச் சொல்லச் சொல்ல, அவர் மகன் எழுத, அவருடைய வரலாறு 1936இல் நூலாக வந்தது. 1953ஆம் ஆண்டில் எஞ்சியிருந்த இருபத்திரண்டு பேரும் வாழ வழியின்றித் தீவை விட்டு அகற்றப்பட்டனர். தீவு வெறிச்சோடியது, நூல்கள் வாழ்கின்றன. அம்மக்கள் தம் மொழியைப் புகழ்ந்துகொண்டிருந்தவர்கள் அல்லர், அதில் வாழ்ந்தவர்கள்.

இனி நம் தோட்டங்களுக்குத் திரும்புவோம். இந்நாட்டில் வணிக நோக்கில் ரப்பரை முதன்முதல் பயிரிட்டவர் டான் சாய் யான் என்னும் சீனப் பெருமகனார், இடம் மலாக்காவின் புக்கிட் லிந்தாங், ஆண்டு 1896. அடுத்து புக்கிட் அசஹான் தோட்டம் எழுந்தது. பால்மரங்கள் பரவப் பரவத் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து தொழிலாளர் வந்தனர். விடியற்காலைப் பிரட்டுக்களம் முதல் இரவு லயத்துத் திண்ணை வரை தமிழே ஒலித்தது. கங்காணி வைதது தமிழில். மாரியம்மன் கோயிலில் பாடியது தமிழில். ஆயாக் கொட்டகையில் குழந்தை அழுததும் தமிழில். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று அக்காலத் தொழிலாளர் சட்டம் கூறியது. ஓலைக்கூரையின் கீழ்த் தமிழ்ப்பள்ளிகள் பிறந்தன.

இதை நினைத்து நாம் பெருமிதம் கொள்கிறோம். ஆனால் உண்மையை மறைத்தல் ஆசிரியர்க்கு அழகன்று. தோட்டத்தில் தமிழ் வாழ்ந்ததற்கு நம் பற்று மட்டும் காரணமன்று; நாம் வேலிக்குள் வைக்கப்பட்டிருந்ததும் காரணம். வெளியுலகம் நமக்கு அடைக்கப்பட்டிருந்தது. ஆகவே வெளிமொழியும் அடைக்கப்பட்டிருந்தது. பின்னர்த் தோட்டத் துண்டாடல் வந்தது. ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை வந்தது. வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். வேலி அகன்றது நல்லதே. பால்வாளி சுமந்தவளின் பேத்தி மருத்துவராவதை வேண்டாம் என்று கூறும் மொழிப்பற்று இரக்கமற்றது. ஆனால் வேலி அகன்ற பின் தமிழ் தானாக வாழாது. நாம் விரும்பித் தேர்ந்தால்தான் வாழும். முன்னோர்க்கு வாய்க்காத அந்தத் தேர்வு இப்பொழுது நம் கையில் இருக்கிறது. கடன் என்னும் சொல் உண்மையில் நம்மிடமிருந்துதான் பொருள் பெறுகிறது. வேறு வழியின்றிச் செய்வதை யாரும் கடமை என்று போற்றுவதில்லை.

இங்கு ஒருவர் கேட்கலாம்: “என் பிள்ளை, எந்த மொழியில் வளர்ப்பது என்பது என் உரிமை அன்றோ?” உரிமைதான். ஆயினும், தந்தை தன் சம்பாத்தியத்தை விரும்பியபடி செலவிடலாம். பாட்டனார் பேரனுக்கென்று விட்டுச்சென்ற நிலத்தை அவ்வாறு விற்றுவிட முடியுமா? நடுவிலிருப்பவர் காவலரேயன்றி உடைமையாளர் அல்லர். மொழியும் அத்தகையது. பிற மொழிகளைப் பிள்ளைக்குத் தருவது அன்பு. அவற்றைத் தருவதற்காக இதைப் பறிக்க வேண்டும் என்று எண்ணுவதே பிழை. ஒரு சிறு நெஞ்சில் மூன்று மொழிகளுக்கு இடமுண்டு என்பதை நம் நாட்டுப் பிள்ளைகள் நாள்தோறும் மெய்ப்பிக்கின்றனர்.

அதே வேளையில், இழந்தவர்மீது பழி சுமத்துவதும் அறமாகாது. பஞ்சத்தில் கோல் வெட்டிய தந்தையும், தாய்வழி மொழி பெற்ற செட்டிப் பிள்ளையும் நம் தீர்ப்புக்கு உரியவர்கள் அல்லர். அன்னம் வேண்டுமா, மொழி வேண்டுமா என்று ஒருவனைத் தேரச் செய்யும் சமுதாயமே தலைகுனிய வேண்டும். தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பத் தயங்கும் ஏழைத் தாயை ஏசுவதை விட, அப்பள்ளியை அவள் தயங்காத அளவுக்கு உயர்த்துவதே நம் போன்றோர் கடன்.

என் குறையையும் சொல்லி முடிக்கிறேன். தமிழின் பெருமையைப் பற்றி நான் பேசிய மேடைகள் பல. ஆனால் என் பேத்தி என்னிடம் ஆங்கிலத்தில் பேசும்பொழுது, அவள் கொஞ்சுமொழியில் மயங்கி நானும் ஆங்கிலத்திலேயே விடை சொல்லி வந்தேன். கோலில் வெட்டு விழுவதை நான் உணரவில்லை. கம்போங் செட்டி அம்மையாரின் கேள்வியே என்னை விழிக்கச் செய்தது. அவர் முன்னோரைப் புகழவில்லை, அவர்களுக்குச் சமைத்தார். காப்பது என்பது அவ்வளவு எளியது, அவ்வளவு உழைப்பும் உடையது.

அந்த ஆண்டுப் பொங்கலுக்கு முன் மாணவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் தந்தேன்: பாட்டியிடம் சென்று, முன்னோர் பெயர்களையும், அவர்கள் வந்த ஊரையும், அவர்கள் விரும்பிய உணவையும் தமிழில் கேட்டுத் தமிழில் எழுதி வருதல். எல்லாரும் எழுதி வரவில்லை. சிலருக்குப் பாட்டி இல்லை. சில பாட்டியருக்கு நினைவில்லை. அன்று வினா எழுப்பிய மாணவி மட்டும் மூன்று தலைமுறைப் பெயர்களோடு வந்தாள். ‘கொள்ளுத்தாத்தாவுக்குக் கருவாட்டுக் குழம்பு பிடிக்கும்’ என்று கடைசி வரியில் எழுதியிருந்தாள்.

“அந்தப் பாட்டி தமிழரா என்று கேட்டாயே, இப்பொழுது என்ன நினைக்கிறாய்?” என்றேன்.

சற்றே எண்ணிப் பார்த்துவிட்டு, “அவர் நம் உறவினர் ஐயா, வெகுநாள் பார்க்காத உறவினர்” என்றாள்.

அதனினும் நல்ல விடை எனக்குத் தோன்றவில்லை. அன்று மாலை வீடு திரும்பியதும் என் பேத்தியை அருகில் அழைத்து அமர்த்திக்கொண்டு, அவளுடைய கொள்ளுப்பாட்டியின் பெயரைத் தமிழில் சொல்லத் தொடங்கினேன்.